நன்னீர்க் குழிகளில் நீந்தப் போகுமுன்: கிழக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் உறவினரைப் பார்க்கப் போகும் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் பல, அங்கிருந்து மெக்சிக்கோவின் கன்கூனுக்கும் போய்வருகின்றன. கன்கூனைச் சுற்றியுள்ள யுகட்டான் குடாநாட்டில் செனோட்டே எனப்படும் நன்னீர்க் குழிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் நீந்த ஆசைப்படுகிறவர்கள், நீச்சலும் சுழியோட்டமும் பழக்கும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகளைக் கேட்டவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம்.

செனோட்டே எண்டா என்ன? குளமா, கிணறா, குகையா?

சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் இருந்த குகையின் கூரை இடிந்து விழ, அடியில் இருந்த நிலத்தடி நீர் வெளியே தெரிகிற குழிதான் செனோட்டே. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கீழே இறங்குகிறது. அது பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்துக் குகைகளை உண்டாக்குகிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்தபோது இந்தக் குகைகள் வற்றின. நீரின் தாங்கலில் நின்ற கூரைகள் பல அப்போது இடிந்தன. பிறகு கடல் உயர, நிலத்தடி நீரும் உயர்ந்து குகைகளை மீண்டும் நிரப்பியது. நீருக்கடியில் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண்கள் ஒரு காலத்தில் அங்கே காற்று இருந்ததற்குச் சாட்சி.

கூரை முழுதும் போனவை திறந்த குளம்போல இருக்கும். பாதி போனவை பாறை விளிம்புக்குள் ஒதுங்கி நிற்கும். கூரையில் சிறு ஓட்டை மட்டும் விழுந்தவற்றுக்குப் படியால் நிலத்துக்குள் இறங்க வேண்டும். உங்கள் பயணத்துக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும், எங்கே கரையேறலாம், வயதானவர் வரலாமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தே அமையும்.

நம்மட ஊரில ஏன் அப்படி ஒண்டும் இல்ல?

நமது மாவட்டங்களின் அடிப்பாறை கருங்கல் இனம். கரையோரத்தில் அதன்மேல் மணல். இரண்டையும் மழைநீர் கரைக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல் என்பதால் அங்கே நிலாவரை ஆழ்கிணறு இருக்கிறது.

ஆனாலும் யுகட்டானின் நிலத்தடி நீருக்கும் கல்லடி, காத்தான்குடி மணற்கிணறுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டு இடத்திலும் மழையால் வந்த நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். 2004 கடல்கோளில் கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போனதைக் கண்டவர்களுக்கு அந்த நன்னீர்ப் படை எவ்வளவு மெல்லியது என்று சொல்லத் தேவையில்லை.

அப்ப நிலாவரையிலேயே குளிச்சிட்டு வரலாமே, மெக்சிக்கோ வரைக்கும் என்னத்துக்கு?

நிலாவரை பார்க்கும் இடம், நீந்தும் இடம் அல்ல. செங்குத்தான சுவர், மிகுந்த ஆழம், காப்பாற்ற ஆளில்லாத நிலை. அதற்குள் இறங்கவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலத்து ஊற்றில் குளிக்க வேண்டும் என்றால் கீரிமலைக் கேணி இருக்கிறது. கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் இடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி.

மகா ஓயாச் சுடுதண்ணிக் கிணறும் இதே இனமா?

இல்லை. அது கருங்கற் பாறையின் ஆழமான வெடிப்புகளுக்குள் இறங்கிய நீர், பூமியின் வெப்பத்தில் சூடாகி மேலே வருவது. அள்ளிக் குளிக்கலாம், நீந்த முடியாது.

எனக்கு வாவியில நல்லா நீந்த ஏலும். அது காணும்தானே?

பெரும்பாலும் காணாது. இந்தக் கேள்வி பதில்கள் எல்லாவற்றிலும் இந்தப் பதிலைத்தான் நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். வாவியிலும் பாசிக்குடாவிலும் பழகியவர்களின் நீச்சலில் மூன்று விடயங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, கால் ஊன்றும் பழக்கம். பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தே போகலாம். வாவியின் ஓரங்களும் அப்படித்தான். களைத்ததும் கால் தானாக நிலம் தேடும். செனோட்டேக்கு ஆழம் குறைந்த கரை என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. ஏணியை விட்டு ஓரடி தள்ளினால் கீழே 10, 20, 40 மீற்றர். சுவர் வழுக்கும், பிடிக்க எதுவும் இராது. இரண்டாவது, உப்பு. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 வீதம் அடர்த்தி கூடியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கடலில் கிடைக்கும் தாங்கலில் ஒன்றரைக் கிலோ அளவு நன்னீரில் குறைந்துவிடும். கடலில் சும்மா மிதக்கிறவர் அங்கே கால் அடித்தால்தான் முகம் மேலே நிற்கும். மூன்றாவது, தெளிவு. வாவி கலங்கல், ஆழம் கண்ணுக்குத் தெரியாததால் மனம் அதை நினைப்பதில்லை. செனோட்டேயில் அடிவரை தெரியும். கீழே பார்த்ததும் நல்ல நீச்சற்காரருக்கே நெஞ்சு படபடத்து மூச்சு மேலோட்டமாகும். அதற்குப் பிறகு கை கால் சொன்னபடி கேட்பதில்லை.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே நன்னீர் நீச்சல் தடாகம் ஒன்றில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, இவற்றைச் செய்து பாருங்கள். மல்லாந்து 5 நிமிடம் மிதக்க வேண்டும். எதையும் பிடிக்காமல், தரை தொடாமல், நின்ற நிலையில் 10 நிமிடம் நீரை மிதிக்க வேண்டும். 100 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும். கடைசியாக, முதுகுப்பக்கமாக நீரில் விழுந்து, தானாக மேலே வந்து, மூச்சை ஒழுங்காக்கி மல்லாந்து மிதக்க வேண்டும். நான்கும் வந்தால் நீங்கள் நீச்சல் தெரிந்தவர். ஒன்று தவறினாலும் அடுத்த பதில் உங்களுக்கானது.

நீந்தத் தெரியாதவங்க போகவே ஏலாதா?

போகலாம், உயிர்காப்பு அங்கியோடு. அங்கி இல்லாமல் யாரையும் இறங்க விடாத செனோட்டேகள் பல. வாசலிலேயே வாடகைக்குக் கொடுப்பார்கள். அங்கி போடுவது வெட்கம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அங்கியோடு இறங்குகிறவர் ஒரு மணித்தியாலம் நிம்மதியாகக் கூரையையும் வேர்களையும் பார்ப்பார். அது இல்லாதவர் பத்தாவது நிமிடத்தில் ஏணியைத் தேடுவார்.

வாடகை அங்கியை வாங்கியதும் கொளுவிகள் எல்லாம் பூட்டுகின்றனவா, உள்ளேயுள்ள நுரை நைந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். பட்டிகளை இறுக்கிய பின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி நாடியைத் தாண்டி ஏறினால் அது பெரிது. பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அங்கியைக் கனடாவிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. கால்களுக்கிடையே போகும் பட்டி உள்ளதையே வாங்குங்கள். கையில் மாட்டும் காற்றுப் பைகளை நம்ப வேண்டாம். கழன்றால் பிள்ளை சத்தமில்லாமல் கீழே போகும். அங்கி போட்டிருந்தாலும் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் தொலைபேசியோடு நிற்பது காவல் ஆகாது.

எந்தச் செனோட்டேக்குப் போறது? பேரெல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு.

உங்கள் குழுவில் நீச்சல் மிகக் குறைந்தவருக்கு ஏற்ற இடத்தைத் தெரிவு செய்யுங்கள். படம் அழகாக இருக்கிறதென்று தெரிவு செய்தால், நாலு பேர் நீந்த நாலு பேர் மேலே வெயிலில் காத்திருப்பார்கள்.

சிறுபிள்ளைகளோடு என்றால் பிளாயா டெல் கார்மெனுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரம் உள்ள செனோட்டே அசூல். திறந்த வெளி, ஆழம் குறைந்த தடாகங்களும் உண்டு. டுலும் நகரிலிருந்து சுமார் 4 கிலோமீற்றரில் உள்ள கிரான் செனோட்டேயில் மரப்படிகளும், நிற்கக்கூடிய இடங்களும், ஆமைகளும் உள்ளன. வயாடோலிட் நகருக்கு அருகே உள்ள சுய்துனில் நீருக்குள் நீளும் கல்மேடையும் மேலிருந்து விழும் ஒளிக்கதிரும்தான் விசேடம். மேடையைச் சுற்றி ஆழம் குறைவு; மழைக்குப் பிறகு மேடையே நீரில் மூழ்கிவிடும். அதே பக்கத்தில் ஷ்கேக்கெனும் சமுலாவும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டும் மூடிய குகைவகை. வயாடோலிட் நகரின் நடுவிலேயே சசீ என்ற பெரிய செனோட்டே உண்டு. வாகனம் இல்லாதவர்களுக்கு அது வசதி.

மாயா மக்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா பார்க்கப் போகிறவர்கள் பக்கத்திலுள்ள இக் கில் என்ற செனோட்டேக்கும் போவார்கள். அதன் நீர்மட்டம் தரையிலிருந்து 26 மீற்றர் கீழே. ஏறக்குறைய எட்டு மாடி இறங்கி, நனைந்த படியில் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் மேலே நின்று பார்ப்பதே மேல். நீரின் ஆழம் 40 மீற்றருக்கும் அதிகம். சிச்சென் இட்சாவுக்குள்ளேயே இருக்கும் புனிதச் செனோட்டேயில் நீந்த அனுமதி கிடையாது. மாயா மக்கள் மழைத் தெய்வத்துக்குக் காணிக்கை இட்ட இடம் அது.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கன்கூனும் டுலுமும் உள்ள கின்டானா ரோ மாநிலத்தைவிட, வயாடோலிட்டும் சிச்சென் இட்சாவும் உள்ள யுகட்டான் மாநிலத்தில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னால். போகும்போது ஒரு மணித்தியாலம் மிச்சம், திரும்பும்போது அது போய்விடும். கடைசிப் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்கள் இதனால்தான் தவறவிடுகிறார்கள். கன்கூன் விமான நிலையத்திலிருந்து ஆடோ (ADO) நிறுவனத்தின் பஸ்கள் ஓடுகின்றன. பிளாயா டெல் கார்மெனுக்கும் டுலுமுக்கும் இடையே பகிர்வு வேன்கள் உண்டு. செனோட்டேயின் பெயரைச் சொன்னால் வாசலில் இறக்கிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் வங்கி அட்டை எடுக்காது என்பதால் பெசோ நோட்டாக வைத்திருங்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சுற்றுலாப் பஸ்கள் முற்பகல் 11 மணிக்குப் பிறகு வந்து இறங்கும். ஒளிக்கதிர் வேண்டுமென்றால் மட்டும் நண்பகல். அப்போது கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கனடா விசா இரிக்கி. மெக்சிக்கோவுக்கு வேற எடுக்கணுமா?

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மெக்சிக்கோ விசா தேவை. ஆனால் செல்லுபடியான கனடா, அமெரிக்கா, ஐக்கிய இராச்சிய, யப்பான் அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். எந்த விசாவும் இல்லாமல் நேரே இலங்கையிலிருந்து போகிறவர்கள் புதுடில்லியிலுள்ள மெக்சிக்கோத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் சனம் மாட்டிக்கொள்கிறது. கனடா விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமானதாக இருந்தால் மெக்சிக்கோவிலிருந்து கனடாவுக்குத் திரும்ப முடியாது. அதேபோல அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் இறங்கி மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். ரொறன்ரோவிலிருந்து கன்கூனுக்கு நேர்விமானம் உண்டு, சுமார் 4 மணித்தியாலம்.

எந்த மாசம் நல்லம்?

நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரில் வரை. நமக்கு மாரி பெய்யும் மார்கழியில் அங்கே வறண்ட காலம், பாடசாலை விடுமுறைக்கும் பொருந்தும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களிலும், ஈஸ்டருக்கு முந்திய வாரத்திலும் கூட்டமும் விலையும் ஏறும். சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை உச்சம். பெருமழைக்குப் பிறகு திறந்த செனோட்டேகள் சில நாட்கள் கலங்கலாக இருக்கும்.

என்ன உடுப்புப் போடுறது? சாறனோட, சல்வாரோட இறங்கலாமா?

சாறன் வேண்டாம். ஆழ்நீரில் காலைச் சுற்றினால் அவிழ்க்கக் கை இரண்டும் வேண்டும். அந்த நேரம் நீந்தக் கை இராது. பருத்திச் சல்வாரும் துப்பட்டாவும் நீர் குடித்துக் கனக்கும். துப்பட்டா கழுத்தை இறுக்கவும் கூடும்.

உடல் முழுவதையும் மூடி இறங்குவதில் எந்தத் தடையும் இல்லை. நீச்சலுக்கென்றே செய்த, நீர் குடிக்காத துணியாக இருந்தால் போதும். தலைமூடியோடு கூடிய முழுநீள நீச்சல் உடுப்புக் கடைகளில் கிடைக்கிறது. வெயில் பூச்சுப் பூச விடமாட்டார்கள் என்பதால் எல்லா நாட்டவரும் நீண்ட கை உடுப்போடு இறங்குவது அங்கே சாதாரணம். வழுக்கும் படிகளுக்கு, பின்னால் பட்டியுள்ள றப்பர் செருப்பு நல்லது. ஒரு துவாய், மாற்றுடுப்பு, நனையாத பை. தங்கச் சங்கிலியையும் மோதிரத்தையும் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் போங்கள். குளிர்நீரில் விரல் சுருங்கி மோதிரம் கழரும், 20 மீற்றருக்குக் கீழே போனது போனதுதான்.

தலைக்கு எண்ணெய் வெச்சிட்டு இறங்கக் கூடாதாமே, ஏன்?

உண்மைதான். தேங்காய் எண்ணெய், சந்தனம், நுளம்புப் பூச்சு, வெயில் பூச்சு எதுவுமே கூடாது. இயற்கைப் பொருள் என்று எழுதியிருந்தாலும் பல இடங்களில் தடை. வாசலில் சவரில் குளித்த பிறகுதான் உள்ளே போகலாம். வடக்கு யுகட்டானில் தரைமேல் ஓடும் ஆறுகள் இல்லை. மழை எல்லாம் நிலத்துக்குள் போய்விடுகிறது. நீங்கள் நீந்தும் நீரும் அந்த மக்கள் குடிக்கும் நீரும் ஒரே நிலத்தடி நீர்தான். மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் சவர்க்காரம் போடத் தயங்குகிறவர்களுக்கு இந்த மரியாதை தானாகவே வரும். முதல் நாளிரவே தலைமுழுகிவிட்டுப் போங்கள்.

தண்ணி குளிரா இரிக்குமா?

ஆண்டு முழுவதும் 24 முதல் 26 பாகை செல்சியஸ். கனடாக்காரருக்கு இதமாக இருக்கும். நமது கடலில் பழகியவருக்குக் குளிரும். ஒல்லியான பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் நடுங்கத் தொடங்குவார்கள். உதடு நீலம் பாய்ந்தால் கேள்வி இல்லாமல் வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் இருத்துங்கள். இறங்கும்போதும் ஏணியைப் பிடித்தபடி கழுத்துவரை நனைந்து, ஒரு நிமிடம் மூச்சு அடங்கிய பிறகே கையை விடுங்கள்.

முதலை இரிக்குமா?

உள்நாட்டுக் குகைவகைச் செனோட்டேகளில் கவலை இல்லை. கண்டற்காட்டை ஒட்டிய, கடலோரத் திறந்த செனோட்டேகள் சிலவற்றில் உண்டு. அங்கே அறிவித்தல் பலகையும் காவலாளியும் சொல்வதைக் கேளுங்கள். ஆளில்லாத, பலகையில்லாத குழி எதிலும் இறங்க வேண்டாம். நமது குளங்களுக்கும் ஆற்றுவாய்களுக்கும் சொல்கிற அதே எச்சரிக்கைதான். குகைக்குள் வௌவாலும், காலைக் கொத்தும் சின்ன மீனும் இருக்கும், பாதகமில்லை.

மேலயிருந்து பாயலாமா? வீடியோவில எல்லாரும் பாயிறாங்களே.

பாய்வதற்கென்று ஒதுக்கிய மேடையிலிருந்து, காவலாளி அனுமதித்தால், கால் முதலில் போகும்படி. தலைகீழாக ஒருபோதும் வேண்டாம். தெளிந்த நீர் கண்ணை ஏமாற்றும். நேர்கீழே பார்க்கும்போது 4 மீற்றர் ஆழம் 3 மீற்றர்போலத் தெரியும். கீழே கிடக்கும் பாறையின் உச்சி எங்கே என்று மேலிருந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கூரை இடிந்து உண்டான குழி என்று முதல் பதிலில் சொன்னோமே, அந்தக் கூரைக்கற்கள் எல்லாம் நீருக்கடியில் நடுவில் குவிந்து கிடக்கின்றன. குறுக்கே கட்டிய கயிறுகளும் இருக்கும். பாயுமுன் கீழே ஆளில்லை என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கியோடு உயரத்திலிருந்து பாய்ந்தால் அது நாடியில் அடிக்கும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு குகைக்குள்ள கொஞ்சம் போய்ப் பாத்தா என்ன?

வழிகாட்டியோடு, மேலே காற்று இருக்கும் இடத்தில், நீர்மட்டத்தில் மிதந்தபடி போகலாம். டோஸ் ஓஹோஸ் என்ற செனோட்டே அதற்குப் பேர்போனது. மூச்சடக்கிப் பாறைக்கடியில் நுழைவது மட்டும் கூடாது. இந்தக் குழிகள் பெரும் குகைவலையின் சாளரங்கள். டுலும் பக்கத்துச் சக் அக்துன் குகையும் டோஸ் ஓஹோஸ் குகையும் ஒன்றோடொன்று இணைந்தவை என்று 2018இல் கண்டபோது இணைந்த குகையின் நீளம் 347 கிலோமீற்றர். உள்ளே போனவருக்கு மேலே பாறை. மூச்சு முட்டினால் வந்த வழியே முழுத் தூரமும் திரும்ப வேண்டும்.

நான் ஹெர்மிஸ் கப்பலுக்கே சுழியோடினவன். குகைக்குள்ள போறதுக்கு அது காணாதா?

காணாது. 1942 ஏப்ரில் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதற்குப் போய்வருவது பெரிய தேர்ச்சிதான். ஆனால் கப்பலுக்கு வெளியே நிற்பவருக்கு மேலே திறந்த கடல். குகையில் அது இல்லை. காலை ஒருமுறை கீழ்நோக்கி அடித்தால் வண்டல் கிளம்பி, எதிரேயுள்ள கையே தெரியாமல் போகும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் படையில் பார்வை மங்கி வழிக்கயிறு இரட்டையாகத் தெரியும்.

சாதாரணச் சுழியோட்டச் சான்றிதழ் உள்ளவர்கள் வெளிச்சம் எட்டும் முன்பகுதிக்கு மட்டும், குகைச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டியோடு போகலாம். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. நீர்மட்டத்திலிருந்து மொத்தத் தூரம் 60 மீற்றருக்குள். கயிற்றை விட்டு விலகக் கூடாது. உருளையிலுள்ள காற்றில் மூன்றிலொரு பங்கு போக, மூன்றிலொரு பங்கு திரும்ப, மீதி அவசரத்துக்கு. நிரந்தரக் கயிறு ஆழக் குகைக்குள் போகும் இடங்களில் இதற்கு அப்பால் போகாதே என்று எலும்புக்கூட்டுப் படத்தோடு நிற்கும் பலகை உங்களுக்கும் சேர்த்துத்தான். நன்னீரில் தாங்கல் குறைவு என்று முன்பே சொன்னோம். கடலில் இடுப்பில் கட்டும் ஈய எடையை அப்படியே கட்டினால் அடிக்குப் போய் வண்டலைக் கிளப்புவீர்கள். வழிகாட்டியிடம் கேட்டு இரண்டொரு கிலோ குறையுங்கள்.

சுழியோடின அடுத்த நாள் பிளேன் ஏறலாமா?

ஒரேயொரு முறை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், பலமுறை என்றால் 18 மணித்தியாலம் கழித்து. கடைசி நாளை நீந்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதியில் சுழியோட்டம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் அது விலக்கப்பட்டிருக்கும்.

நீருக்குள்ள ஒராளுக்கு ஏதும் நடந்தா என்ன செய்யிறது?

அவருக்குப் பின்னால் நீங்களும் நீருக்குள் பாய வேண்டாம். பயந்தவர் உங்களைப் பிடித்து அமுக்குவார், ஒன்று இரண்டாகும். காவலாளியைக் கூப்பிடுங்கள், மிதவையை அல்லது கயிற்றை வீசுங்கள். எதுவும் இல்லையென்றால் ஓர் அங்கியைச் சுழற்றி எறியுங்கள். மெக்சிக்கோவில் அவசர எண் 911.

வெளியே எடுத்தவர் மூச்சுவிடவில்லை என்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடாது. நமது ஊரில் இன்றும் செய்கிறார்கள்; அதனால் நேரம் போவதோடு, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும். மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். நீரில் மூழ்கியவருக்குக் குறைந்திருப்பது காற்று என்பதால் மூச்சுத்தான் முதலில். எழுந்து உட்கார்ந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.